பக்கவாட்டில் வழிந்த பெயிண்ட்

அவளுக்கு வெள்ளைக்கை என்று பெயர் வைத்தவள் அவளுடைய நாத்தனார். வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு மறந்துபோகிற பெண்மணி அவள். ஆனால் ஊர் மறக்கவில்லை. மறக்க முடியாதபடி அந்தக் கையும் இருந்தது. ஊருக்குப் பின்னால் இருக்கும் மலையில், நடக்க வருகிறவர்களுக்காக நாலு பாதைகள் உண்டு. எந்தத் திருப்பத்தில் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று பாறையிலும் மரத்திலும் வெள்ளை அம்புக்குறி போடுவதுதான் வெள்ளைக்கையின் உத்தியோகம். பதினாலு வருஷமாக மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும் நகக்கண்ணில் இருக்கிற வெள்ளை போகவில்லை. அவளும் தேய்ப்பதை விட்டுவிட்டாள்.

நாத்தனாருக்கு மலையடிவாரத்து அறையில் வேலை. அறை என்றால் ஒரு மேசை, ஒரு நாற்காலி, முதலுதவிப் பெட்டி, சாத்தினால் திறக்காத ஒரு ஜன்னல், அவ்வளவுதான். மேலே போகிறவர்கள் பெயரையும் நேரத்தையும் நோட்டில் எழுத வேண்டும். இறங்கி வந்ததும் அதே வரியில் இன்னொரு தடவை எழுத வேண்டும். இதைச் செய்யாமல் நழுவப் பார்த்தவர் யாரும் நாத்தனாரின் கண்ணுக்குத் தப்பியதில்லை.

வெயில் காலத்தில் அரை பாட்டில் தண்ணீரோடு வருகிறவர்களை அவளே திருப்பி அனுப்பிவிடுவாள். "இது குடிக்கவா, கண்ணுல ஒத்திக்கவா?" என்பாள். அந்த மாதங்களில் வெள்ளைக்கை விடிவதற்கு முன்பே மேலே போய், அடுத்த தண்ணீர் எவ்வளவு தூரம் என்று பாறைகளில் எழுதிவிட்டு, பத்து மணிக்குள் இறங்கிவிடுவாள். இலை உதிர்கிற மாதங்களில் பாதையே காணாமல் போகும். எல்லா இலையையும் கூட்டிக்கொண்டிருக்க முடியாது. திருப்பங்களில் மட்டும் வாரிப்போட்டுத் தரையைக் காட்டுவாள். பனி இறங்கும் மாதங்களில் குறிகளை நெருக்கிப் போடுவாள், இருபது அடிக்கு ஒன்று. ஒரு குறியில் நின்று அடுத்த குறி தெரியவில்லையென்றால் அங்கேயே நில், விசில் ஊது, நடக்காதே. இதை அவள் எழுதி வைத்ததோடு விடாமல், எதிரே வருகிற ஒவ்வொருவரிடமும் வாயாலும் சொல்லுவாள். மழைக் காலத்தில் இடிச் சத்தம் கேட்டால் மேட்டு வழியைச் சங்கிலி போட்டு மூடிவிட வேண்டும். காட்டு வழியில் வேர்கள் சோப்பு மாதிரி வழுக்கும். மிச்சம் இருப்பது அடிவாரத்தைச் சுற்றி வருகிற சின்ன வழி. அதில் நடப்பதும் ஒன்று, வீட்டு மாடியில் நடப்பதும் ஒன்று.

இதனால்தான் அவளுக்கு நாலாவதான ஓடை வழியின் மேல் அத்தனை ஆசை.

ஓடை வழி அவள் கண்டுபிடித்தது. புதரை வெட்டியது, படி கட்டியது, குறி போட்டது எல்லாம் அவள் கைதான். கோடையில் மூன்று வருஷம் திறந்திருந்தது. மழைக் காலத்திலும் திறக்க வேண்டும் என்று அவள் ஒற்றைக் காலில் நின்றாள். ஓடைக்கு அழகே மழையில்தான், இரண்டு பக்கப் பாறையும் நனைந்து கறுத்து நிற்க நடுவில் தண்ணீர் இறங்கி வரும், அதைப் பார்க்காமல் கோடையில் வந்து கூழாங்கல்லைப் பார்த்துவிட்டுப் போனால் யாருக்கு என்ன லாபம் என்று பாதைகளுக்கான மேற்பார்வையாளரிடம் வாதாடினாள். மேற்பார்வையாளர் அவளைவிட இருபது வயது சின்னவர். ஒவ்வொரு காகிதத்தையும் மூன்று தடவை படிக்கிற மனிதர்.

"ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா அப்புறம் நிரந்தரமா மூடிடுவாங்கம்மா. அப்ப என்கிட்ட வந்து நிக்கக் கூடாது" என்றார்.

"ஒண்ணும் ஆகாது சார். நான் பொறுப்பு."

"எழுதித் தர்றீங்களா?"

எழுதிக் கொடுத்தாள். மழை பெய்த மறுநாள் காலை, யாரும் மேலே போவதற்கு முன், தானே ஒரு முறை நடந்து பார்த்துவிடுவதாகவும் அதில் எழுதினாள். சொன்னபடி ஏழு வாரம் நடந்தாள். முழங்கால் வரை சேறு. வீட்டுக்காரர், பஸ் பணிமனையில் மெக்கானிக், அவளுடைய செருப்பைக் கழுவி வைத்துக் கழுவி வைத்து அலுத்துப் போனார். "செருப்ப நான் கழுவுறேன், பேரு உனக்கா?" என்று கேட்டார். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இந்த மழைக் காலம் மட்டும் ஒரு குறையும் இல்லாமல் கழிந்துவிட்டால், ஓடை வழி வருஷம் முழுக்கத் திறந்திருக்கும். அவளுக்கு அந்த வருஷம் வேறு நினைப்பே கிடையாது.

எட்டாவது வாரம் ஒரு வியாழக்கிழமை. முந்தின ராத்திரி ஊரில் ஒரு சொட்டு விழவில்லை. மலையுச்சியில் கொட்டித் தீர்த்தது என்பது அடிவாரத்தில் யாருக்கும் தெரியாது. வாசல் காய்ந்திருந்தது, ஆகவே வெள்ளைக்கை மேலே போகவில்லை. சின்ன வழியில் ஒரு கைப்பிடிக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தாள். மத்தியானம் இரண்டு மணிக்கு நாத்தனார் வந்தாள். நாற்காலியை விட்டு அவள் எழுந்து வருவதே அபூர்வம்.

"ஏண்டி, ஓடைக்குப் போன ரெண்டு பேரு இன்னும் இறங்கல."

"எத்தன மணிக்குப் போனாங்க அண்ணி?"

"எட்டு மணி. கடைத்தெரு தையக்காரரும் அவரு சம்சாரமும். போன் போட்டா எடுக்கல."

"ரசிச்சுப் பாத்துட்டு மெதுவா வருவாங்க."

"முப்பது வருஷம் குடும்பம் நடத்துனவங்க ரெண்டு பேரும் ஆறு மணி நேரமா என்னத்தடி ரசிப்பாங்க? போயிப் பாரு."

நாலு மணி நேர வழி அது. வெள்ளைக்கை கயிற்றையும் விசிலையும் தூக்கிக்கொண்டு ஏறினாள். ஓடையைத் தாண்டுகிற இடத்துக்கு வந்ததும், காலுக்குத் தெரிந்த வழியில், வலது பக்கம் கல் கல்லாக மிதித்துத் தாண்டி, அக்கரை ஏறி, அருவி விழுகிற இடம் வரை போனாள். யாரும் இல்லை. ஈர மண்ணில் ஒரு காலடி கூட இல்லை. அங்கேயே நின்று விசில் ஊதினாள். தண்ணீர்ச் சத்தத்தில் அது பக்கத்து மரத்துக்குக்கூடக் கேட்டிருக்காது. ஒரு மணி நேரம் இப்படிப் போயிற்று.

திரும்பி ஓடைக்கு வந்தபோதுதான், இக்கரையில் நின்று தன் அம்புக்குறியைப் பார்த்தாள். நிஜமாகப் பார்த்தது அன்றைக்குத்தான். போட்டவளுக்கு வழி தெரியும். வழி தெரிந்தவள் எதற்குக் குறியைப் பார்க்கப் போகிறாள்? ஏழு வாரமாகக் காலைதோறும் அவள் படியைப் பார்த்தாள், கைப்பிடியைப் பார்த்தாள், தண்ணீர் எத்தனை ஏறியிருக்கிறது என்று பார்த்தாள். அம்பைப் பார்க்கவில்லை.

அம்பு நேர் மேலே காட்டிக்கொண்டிருந்தது. நடக்கிறவர்களுக்கு அதன் அர்த்தம் நேராகப் போ. நேராகப் போனால் பாதை கிடையாது, இரண்டு பாறைச் சுவருக்கு நடுவே குறுகிக்கொண்டே போகிற பள்ளம். அவள் வலது பக்கம் காட்டித்தான் போட்டிருந்தாள். யாராவது விஷமத்துக்கு மாற்றி வரைந்துவிட்டார்களா என்று கிட்டே போனாள். தூரிகை அவளுடையதுதான். அவள் எப்போதும் பெயிண்ட்டைத் தாராளமாகத் தொட்டுப் போடுவாள், அம்பின் அடியில் மூன்று நாலு கோடு வழிந்து காய்ந்துவிடும். இங்கேயும் வழிந்திருந்தது. ஆனால் கீழே வழியவில்லை, பக்கவாட்டில் வழிந்திருந்தது.

பெயிண்ட் பக்கவாட்டில் வழியாது. கல்தான் உருண்டிருக்கிறது.

ஆள் உயரக் கல். தூரத்திலிருந்தே தெரியட்டும் என்று தேடிப் பிடித்த கல். குறி போடுவதற்கு முன் வீட்டுக்காரர் கடப்பாரையைக் கொடுத்து நெம்பிப் பார்த்து, "இது என் மாமியார் மாதிரி, அசையாது" என்று சொன்ன கல். ராத்திரி வந்த வெள்ளம் அதன் இடப்பக்கத்து மண்ணை அரித்துக்கொண்டு போயிருந்தது. கல் அந்தப் பக்கம் சாய்ந்து, கால் சுற்று உருண்டு, பிறந்ததிலிருந்து அங்கேயே இருப்பது போல உட்கார்ந்திருந்தது.

அவள் அம்பு சொன்ன பக்கம் ஓடினாள்.

பள்ளத்தின் முடிவில் அவர்கள் இருந்தார்கள். குரல்தான் முதலில் கேட்டது, அதுவும் சண்டைக் குரல். தையற்காரரின் மனைவி ஒரு பாறை மேல் உட்கார்ந்திருந்தாள். கணுக்கால் வீங்கிப் பூசணிக்காய் ஆகியிருந்தது. தையற்காரர் குடையின் கம்பை முட்டுக்கொடுத்து, சட்டைப் பையில் எப்போதும் இருக்கிற அளவு நாடாவால் அதைச் சுற்றிக் கட்டியிருந்தார். கட்டு கச்சிதமாக இருந்தது.

"வாம்மா, வா. இந்த மனுஷனக் கேளு. இது பாத மாதிரி இல்லைங்க, திரும்புங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். அம்பு போட்டிருக்கு, அம்பு போட்டிருக்குன்னு இழுத்துட்டு வந்தாரு."

"போட்டிருந்துச்சும்மா" என்றார் தையற்காரர், சத்தமில்லாமல்.

"ஊசி கோக்கத் தெரியுது, ஒரு அடி நீளத்து அம்பு தெரியலையா?"

"முதல்ல கீழ போவோம்" என்று மட்டும் சொன்னாள் வெள்ளைக்கை. அந்த அம்மாளை இருவரும் இரண்டு பக்கமும் தாங்கிக்கொண்டு இறங்கினார்கள். கல்லைத் தாண்டும்போது வெள்ளைக்கை அந்தக் கல்லுக்கும் தையற்காரருக்கும் நடுவில் நடந்தாள்.

அடிவாரத்தில் மேற்பார்வையாளர் காத்திருந்தார். காயக்காரியை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, காகிதத்தை எடுத்தார். "என்ன நடந்துச்சு?"

தையற்காரர் தலையைக் குனிந்துகொண்டார். "என் தப்புதான் சார். கண்ணு மங்கிடுச்சு போல. குறிய மாத்திப் படிச்சுட்டேன்."

மேற்பார்வையாளர் வெள்ளைக்கையைப் பார்த்தார். "வழியை விட்டு விலகிப் போனார்கள், அப்படி எழுதட்டுமா? அப்படின்னா பாதைக்கு ஒண்ணும் வராது."

அவள் தலையசைத்தாளா இல்லையா என்பது அவளுக்கே தெரியாது. அவர் எழுதிவிட்டார். தையற்காரர் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் விடிந்ததும் அவள் கம்பிப் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு போய் அந்த அம்பைச் சுரண்டினாள். வெள்ளை ஒரு பொட்டு இல்லாமல் சுரண்டி, ஓடைச் சேற்றை அள்ளி மேலே பூசினாள். வலது பக்கம் ஒரு மரத்தில் புதுக் குறி போட்டாள். ஆபத்துக்கு ஆபத்தும் போயிற்று, பேச்சுக்குப் பேச்சும் போயிற்று. சனி, ஞாயிறு கூட்டம் வந்தது, போயிற்று. எல்லோரும் ஓடை வழியைப் புகழ்ந்தார்கள். நாத்தனாரே அதைக் கேட்டு, "பரவாயில்லடி, உன் ஓடைக்கு நல்ல பேரு" என்றாள். அவள் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. வெள்ளைக்கைக்கு அது இனிக்கவில்லை.

திங்கட்கிழமை வீட்டுக்காரரின் வேலைச் சட்டையைத் தைக்கக் கொடுக்கக் கடைத்தெருவுக்குப் போனாள். தையற்கடையில் மனைவி காலில் கட்டோடு மிஷினுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். தையற்காரர் பட்டன் தைத்துக்கொண்டிருந்தார். வெட்டுகிற மேசை காலியாக இருந்தது. கத்தரிக்கோலைத் துணியில் சுற்றி மேலே அலமாரியில் வைத்திருந்தார்கள்.

"துணி வெட்டறது இல்லையா?"

"பட்டன், ஜிப்பு, கிழிசல் மட்டும்தாம்மா" என்றார் அவர். "கண்ணு சரியில்ல. அடுத்தவங்க துணிய வெட்டி வீணாக்கக் கூடாதில்ல."

"அம்பையே தப்பாப் பாக்குறவரு அங்குலத்த எங்க பாப்பாரு?" என்றாள் மனைவி. ஆனால் இந்தத் தடவை குரலில் பழைய காரம் இல்லை. சொல்லிவிட்டு அவளே தரையைப் பார்த்துக்கொண்டாள்.

"டாக்டர்கிட்ட காட்டுனீங்களா?"

"காட்டுனோம். நல்லா இருக்குன்னாரு. நல்லா இருக்கிற கண்ணு எப்படிம்மா தப்பாப் பாக்கும்? அவருக்கு என்ன தெரியும்?" என்றார் தையற்காரர்.

வெள்ளைக்கை கையிலிருந்த சட்டையை மேசைமேல் வைத்தாள்.

"நீங்க தப்பாப் பாக்கலைங்க. அம்பு நேராத்தான் காட்டுச்சு. கல்லு உருண்டுடுச்சு. அந்தக் கல்லுல குறி போட்டது நான். அன்னிக்கே எனக்குத் தெரியும், சொல்லல."

தையற்காரர் அவளைத் திட்டவில்லை. "நேராத்தானே காட்டுச்சு?" என்று இன்னொரு தடவை கேட்டார். "நேராத்தான்" என்றாள். அவர் எழுந்து அலமாரியிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தார். திட்டியது மனைவிதான். கால் கட்டோடு எழுந்து நின்று திட்டினாள். நாலு நாளாகத் தன் புருஷனைப் பேசியதையெல்லாம் வட்டியோடு திருப்பி வெள்ளைக்கையின் தலையில் இறக்கினாள். வெள்ளைக்கை அத்தனையும் நின்று வாங்கிக்கொண்டு, நேரே ஆபீசுக்குப் போனாள்.

மேற்பார்வையாளர் அதைக் கேட்க விரும்பவில்லை. "அறிக்கை மேல போயிடுச்சும்மா. அவரே கையெழுத்துப் போட்டாச்சு."

"திருப்பி வாங்குங்க."

"கல்லு உருண்டுச்சுன்னு என்ன ஆதாரம்? காட்டுங்க, பாக்கலாம்."

ஆதாரத்தைத்தான் அவள் சுரண்டிவிட்டாளே. தன் தப்பைத் தானே நிரூபிக்க முடியாமல் நின்ற ஆள் அந்த ஆபீசில் அவள் ஒருத்தியாகத்தான் இருக்கும். ஆனால் அவள் விடவில்லை. வாங்க சார், வந்து பாருங்க சார் என்று அவரை நாற்காலியிலிருந்து கிளப்பினாள். காகித மனிதர் பளபளப்புச் செருப்போடு ஒன்றரை மணி நேரம் ஏறினார். நடுவில் இரண்டு தடவை வழுக்கினார். அவள் கை கொடுத்தாள். கல்லுக்கு முன்னால் நிறுத்தி, அதன் வலது பக்கத்தைக் காட்டினாள்.

"இந்தப் பக்கம் மட்டும் பாசி இல்ல, பாருங்க. செம்மண்ணு ஒட்டிக் காஞ்சிருக்கு. பூமிக்குள்ள இருந்த அடிப்பாகம் சார் இது. இடுப்பு உயரத்துல எப்படி வந்துச்சு?"

அவர் கல்லைப் பார்த்தார். விரலால் மண்ணைச் சுரண்டிப் பார்த்தார். குனிந்து கீழே அரித்த பள்ளத்தைப் பார்த்தார். காகிதத்தைப் போலவே மூன்று தடவை பார்த்தார்.

"இத நான் எழுதுனா மழைக்கு இந்த வழிய மூடியாகணும். நிரந்தரமா. தெரியும்ல?"

"தெரியும் சார்."

"உங்க பேருல ஒரு குறிப்பும் போகும்."

"போகட்டும்."

"நீங்க சொல்லாம இருந்திருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காது."

"அடுத்த கல்லு உருண்டா தெரியும்ல? இந்த வழியில இதே மாதிரி பதினோரு கல்லுல போட்டிருக்கேன்."

அவர் கீழே இறங்கி, புது அறிக்கை எழுதினார்.

சங்கிலியை அவளே கொண்டுபோய் மாட்டினாள். நாத்தனார் அறை வாசலில் நின்று பார்த்தாள். "மூணு வருஷம் கத்திக் கத்தி வாங்கின வழி. மூணு நிமிஷத்துல பூட்டிட்டியே" என்றாள். "என் தம்பி இனிமே செருப்புக் கழுவ வேண்டாம், அவனுக்காச்சும் நிம்மதி."

"மத்த மூணு வழியிலயும் எத்தன குறி கல்லுல இருக்குன்னு பாக்கணும் அண்ணி. செருப்பு கழுவித்தான் ஆகணும்."

பலகைக்கான வாசகம் ஆபீசிலிருந்து வந்தது: பராமரிப்புப் பணி காரணமாக மழைக் காலத்தில் மூடப்பட்டுள்ளது. வெள்ளைக்கை அதைப் படித்தாள். பலகைக்கு வெள்ளை அடித்துக் காயவைத்து, கறுப்புப் பெயிண்ட்டில் தன் இஷ்டத்துக்கு எழுதினாள்: மழையில் இந்த வழியில் கல் உருளும். உருண்ட கல்லில் இருக்கும் குறி பொய் சொல்லும். போகாதீர்கள்.

மேற்பார்வையாளர் வந்து பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "இப்படி எழுதினா ஜனங்க பயப்படுவாங்கம்மா."

"பயப்படட்டும் சார்" என்றாள் வெள்ளைக்கை. வெள்ளை டப்பாவை மூடி, சுத்தியலால் ஓரத்தைத் தட்டி இறுக்கிக்கொண்டு, மேட்டு வழியில் முதல் குறியைப் பார்க்க ஏறினாள்.